ஈ மைனரும் ஒரு மோதிர விரலும்

கார்டுன்னு சொன்னா இருபது வருஷத்துக்கு மேல எனக்கு ஒரே அர்த்தம்தான். ஏ.டி.எம். மெஷின் முழுங்கின கார்டு, தொலைஞ்சு போச்சுன்னு கவுன்ட்டர்ல வந்து நிக்கிறவங்க கார்டு, பின் நம்பரை மறந்துட்ட பெரியவர் கார்டு. கரூர்ல பி.காம். படிச்சுட்டு, பேங்க் பரீட்சை எழுதி உள்ளே வந்தவனுக்கு வேற என்னங்க தெரியும்? மூணு ஸ்வரத்தை ஒரே நேரத்துல சேர்த்து அடிச்சா அதுக்கும் கார்டுன்னுதான் பேர்னு 46 வயசுலதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுவும் ஆசைப்பட்டு இல்லை.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன்.

2020-ல ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ நம்ம பாப்பா பத்தாவது. ஆன்லைன் கிளாஸ்ல முகம் வெளுத்துப் போய் உக்காந்திருந்த பொண்ணு, ஒரு நாள் உகுலேலே வேணும்னு கேட்டுச்சு. அப்படின்னா என்னன்னே எனக்குத் தெரியலை. குட்டி கிடார் மாதிரி, நாலு கம்பி, நைலான். இரண்டாயிரத்துச் சொச்சம்தான். போனாப் போகுதுன்னு வாங்கிக் கொடுத்தேன். வீடியோ பாத்து அதுவே கத்துக்கிச்சு. சாயங்காலம் மொட்டை மாடில தண்ணித் தொட்டி பக்கத்துல உக்காந்து வாசிக்கும். நான் கீழே டி.வி. பாத்துட்டிருப்பேன். ஒரு தடவையாவது மேலே ஏறிப் போய்க் கேட்டேனான்னா, இல்லை.

2022 ஜூன்ல எனக்கு பதவி உயர்வு. கூடவே மாத்தல், ஷில்லாங். பாப்பா பன்னெண்டாவதுல அடியெடுத்து வைக்குது. அதனால குடும்பம் கரூர்லயே இருக்கட்டும், நான் மட்டும் போறதுன்னு முடிவாச்சு. கிளம்பறதுக்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு உள் ரூம்ல டொய்ங் டொய்ங்னு சத்தம். நான் பெட்டி கட்டிட்டிருந்தேன். என்ன நினைச்சேனோ, உள்ளே போய், "இதை வெச்சுக்கிட்டு கல்யாண வீட்ல வாசிக்கப் போறியா? பன்னெண்டாவது முடியற வரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும்"னு சொல்லிட்டேன்.

அழுதிருந்தா, சண்டை போட்டிருந்தா நான் விட்டிருப்பேன். பாப்பா எழுந்து, துணிப்பைக்குள்ள அதை வெச்சு, ஜிப்பை மூடி, பக்கவாட்டு அறைல ஒரு சின்னக் கறுப்பு டப்பாவையும் போட்டுச்சு. "சுருதி சேக்கற ட்யூனருங்க அப்பா. தனியாப் போனா தொலைஞ்சு போயிரும்"னுச்சு. அவ்வளவுதான். தங்கமணி வாசல்ல நின்னு, "ஏனுங்க, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"ன்னாங்க. நான் பதில் சொல்லலை.

அப்படித்தான் கரூர்ல இருந்து ஷில்லாங்குக்கு ஒரு உகுலேலே போச்சு. லைதும்க்ராவுல வாடகைக்குப் பிடிச்ச வீட்டு அலமாரி மேல ஏழு மாசம் கிடந்தது.

இப்போ ஊரைப் பத்திச் சொல்லணும். அந்த ஊர்ல கிடார் தெரியாதவனைத் தேடணும். எங்க கிளைல தேடினா நான் ஒருத்தன்தான் கிடைப்பேன். வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி சர்ச்சுல பேஸ் வாசிக்கிறார். லூ மஜாவ்னு ஒரு பாடகர், 1972-ல இருந்து பாப் டிலன் பிறந்தநாளான மே 24-க்கு அங்கே கச்சேரி பண்ணிட்டு வர்றவர். நம்ம ஊர்ல தியாகராஜ ஆராதனை நடத்தற மாதிரி அமெரிக்கப் பாடகருக்கு மேகாலயா மலை மேல விழா! காசி மக்களுக்குன்னு துய்தாரான்னு சொந்த வாத்தியமே உண்டு. அதுக்கும் நாலு தந்திதான்.

எங்க கேஷியர் காசிக்காரர், என்னை விட நாலு வயசு பெரியவர். அங்கே பெரியவங்களை 'பா'ன்னு மரியாதையாக் கூப்பிடுவாங்க, நம்ம 'அண்ணே' மாதிரி. நானும் பான்னுதான் கூப்பிடுவேன், அவர் என்னை சார்ம்பார். லாக்கர் ரூம் சாவி ரெண்டு பேர் கையிலயும் ஆளுக்கொண்ணு. அதனால காலைல ஒருத்தர் வராம இன்னொருத்தர் பெட்டியைத் திறக்க முடியாது, ராத்திரி ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தர் கிளம்ப முடியாது. கல்யாணத்துல கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை பை நிறைய ஆரஞ்சு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தவர், அலமாரியைப் பாத்துட்டார்.

"சார், நீங்க வாசிப்பீங்களா?"

"என் பொண்ணோடது"ன்னேன். ஏன் இங்கே இருக்குன்னு கேட்டார். சொன்னேன். அவருக்கு மூணு பொண்ணுங்க. காசி வீடுகள்ல சொத்து கடைசிப் பொண்ணுக்குத்தான் போகும், வம்சமும் அம்மா வழிதான். பொண்ணு கையில இருந்து வாத்தியத்தைப் பிடுங்கின கதையைக் கேட்டு ஒண்ணும் சொல்லாம ஆரஞ்சு உரிச்சார். அப்புறம் பையைத் திறந்து, சுருதி சேத்து, என் மடில வெச்சுட்டார். "சும்மா கிடந்தா வீணாப் போகும். திருப்பிக் குடுக்கற வரைக்கும் நீங்க வாசிங்க."

இங்கேதான் என் விரல் வருது. 2011-ல வேற ஊர்க் கிளைல ஸ்ட்ராங் ரூம் கிரில் கதவைச் சாத்தும்போது இடது கை மோதிர விரல் மாட்டிக்கிச்சு. எலும்பு கூடிருச்சு, நடு மூட்டு மட்டும் மடங்காது. அப்போ பாப்பாவுக்கு ஆறு வயசு. கட்டு மேல வாயை வெச்சு ஊதி ஊதி விடும். நோட்டு எண்ண, கீபோர்டு தட்ட, காபி டம்ளர் பிடிக்க எதுக்குமே அந்த விரல் இல்லாதது பெரிசாத் தெரியலை. உகுலேலேவுக்கு மட்டும் தெரிஞ்சுது.

உகுலேலேல நாலு கம்பி: ஜி, சி, ஈ, ஏ. எந்தக் கம்பில எத்தனாவது ஃப்ரெட்டை (வீணைல மெட்டுன்னு சொல்றோமே, அது) அழுத்தணும்னு நாலு நம்பரா எழுதுவாங்க. 0003-ன்னா முதல் மூணு கம்பி சும்மா, கடைசிக் கம்பில மூணாவது ஃப்ரெட். அது சி. 2000 ஏ மைனர். 2010 எஃப். இதெல்லாம் ஒண்ணு ரெண்டு விரல் சமாச்சாரம், ஒரு வாரத்துல வந்துருச்சு. நம்பராச்சே, நமக்குப் பிடிச்ச ஏரியா. பிரச்சினை ஜி-ல வந்தது. 0232, மூணு விரல் ஒரே இடத்துல நெருக்கியடிச்சு நிக்கணும். என் மோதிர விரல் குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், சுண்டுவிரலைக் கொண்டாந்தா அதையும் தள்ளி விடும். ஈ மைனர் இன்னும் மோசம். 0432, படிக்கட்டு மாதிரி மூணு விரல் சாய்வா இறங்கணும். ஒரு மாசம் முயற்சி பண்ணினேன். வீட்டுக்கார அம்மா (அங்கே 'காங்'னு கூப்பிடணும்) மரச்சுவர் வழியா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. ஒரு நாள் வாடகை வாங்க வந்தப்போ, "நேத்து அந்த நாலாவது சத்தம் கொஞ்சம் பரவாயில்லை"ன்னாங்க. மானம் போச்சு.

பாகிட்ட கையைக் காட்டினேன். "விரலை ஏன் சார் திட்டறீங்க, கார்டை மாத்துங்க"ன்னார்.

ஈ மைனருக்கு வேணுங்கறது மூணே ஸ்வரம்: ஈ, ஜி, பி. கம்பியோ நாலு. அதனால எப்பவும் ஒண்ணு ரெண்டு தடவை வரும். 0432-ல ஜி, ஈ, ஜி, பி வருது, அதாவது ஜி ரெண்டு தடவை. அதுல மூணாவது கம்பில இருக்கிற விரலை எடுத்துட்டா? அந்தக் கம்பியோட பேரே ஈ. சும்மா விட்டா ஈ-தான் ஒலிக்கும். 0402: ஜி, ஈ, ஈ, பி. இப்போ ஈ ரெண்டு தடவை. அதே ஈ மைனர், ரெண்டே விரல்! எந்த லெட்ஜர்ல எழுதினா என்ன, டிரயல் பேலன்ஸ் டாலி ஆகுதே. நம்மகிட்ட இருக்கிறது சொப்ரானோ, 13 அங்குல அளவு. ரெண்டாவது ஃப்ரெட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவுல மூணரை சென்டிமீட்டர் கூட இல்லை. ஆள்காட்டி விரலும் நடு விரலும் விரிஞ்சா எட்டிரும். எட்டுச்சு. அந்த ராத்திரி வெளியே மூணு டிகிரி குளிர், நான் ஸ்வெட்டரோட உக்காந்து ஈ மைனரை நூறு தடவையாவது அடிச்சிருப்பேன். காங் பாவம்.

ஜி-க்கு இப்படி நேரான குறுக்கு வழி கிடைக்கலை. பக்கத்து வீட்டுக்காரங்கதான் இருக்காங்க. 0222, ஒரே விரலைப் படுக்கப் போட்டு மூணு கம்பியை அழுத்தினா ஜி மேஜர் செவன். 0202, ரெண்டு விரல், ஜி சிக்ஸ். ஒத்தை விரல்ல வேலை முடியுதேன்னு நான் 0222-ஐப் பிடிச்சுக்கிட்டு எல்லாப் பாட்டுக்கும் போட்டேன். சி-ல போற பாட்டுல அது பாயசத்துல உப்புக் கல் கடிபட்ட மாதிரி இருந்துச்சு. ஏன்னு ரெண்டு வாரம் புரியலை. அதுல எஃப் ஷார்ப் இருக்கு, சி-யோட ஸ்கேல்ல எஃப் ஷார்ப் கிடையாது. பாட்டு ஜி-லயோ டி-லயோ போனா 0222 தேனா இனிக்கும். சி-ல போனா 0202-தான் சரி, அதுல கூட வர்ற ஈ அந்த ஸ்கேலுக்குச் சொந்தக்காரன். மாற்றுக் கார்டுன்னா எங்க வேணா மாத்திக்கலாம்னு அர்த்தம் இல்லைங்க. ஜாமீன்தாரர் நல்லவரா இருந்தா மட்டும் போதாது, எந்தக் கடனுக்குன்னும் பாக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டி செவன். வழக்கமா 2223. இன்னொரு வடிவம் 2020, ரெண்டு விரல். அதை ஹவாய் டி செவன்னே சொல்றாங்க. எழுதிப் பாத்தா ஏ, சி, எஃப் ஷார்ப், ஏ. டி எங்கேன்னு தேடினேன். இல்லவே இல்லை! பேர்ல டி, உள்ளே டி கிடையாது. ஆனா பாட்டோட சேர்த்து வாசிச்சா காது தானா டி-யைப் போட்டுக்குது. கிடாராட்டம் கீழ் ஸ்தாயில ஒரு தடிச்ச கம்பி இருந்தா, ஆதார ஸ்வரம் இல்லாதது தெரிஞ்சிருக்கும். உகுலேலேல அப்படி ஒண்ணு இல்லை. மேலே இருக்கிற ஜி கம்பியும் உச்ச ஸ்தாயிதான், பக்கத்துல இருக்கிற சி-யை விட உசரம். அடித்தளமே இல்லாத வாத்தியம், அதனால யாராவது ஒருத்தர் வரலைன்னாலும் யாரும் கேக்கறதில்லை. ஜாயின்ட் அக்கவுன்ட்ல 'எதர் ஆர் சர்வைவர்'னு போட்டுட்டா ஒருத்தர் கையெழுத்துல காரியம் நடக்கற மாதிரி.

ஈ மேஜரைப் பத்திப் பேச வேண்டாம். 4442-ன்னு எல்லாரும் பயப்படற ஒண்ணு. அதுக்கும் ஓப்பன் கம்பியோட 1402-ன்னு மாற்று இருக்கு. மூணு விரல் நாலு ஃப்ரெட்டுக்கு விரியணும். எனக்கு இன்னிக்கு வரைக்கும் வரலை. 1202, ஈ செவனை வெச்சு ஒப்பேத்திக்கிட்டிருக்கேன்.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவுல இருந்து 1879-ல ஒரு கப்பல் ஹோனலூலு போய்ச் சேந்துச்சு. கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போன கப்பல். அதுல மூணு மரவேலைக்காரங்க. அவங்க ஊர் மச்செத்தேங்கற குட்டி வாத்தியம்தான் ஹவாயில உகுலேலே ஆச்சு. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறின கதை நம்மாளுங்களுக்கும் இருக்கறதால இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். பொழைக்கப் போற இடத்துக்கு எதைக் கையில எடுத்துட்டுப் போறோம் பாருங்க. நான் எடுத்துட்டுப் போனது என் பொண்ணு கையில இருந்து பிடுங்கினது.

2023 ஏப்ரல்ல பரீட்சையெல்லாம் முடிஞ்சதும் லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். கம்பி புதுசு மாத்தி, துடைச்சு எடுத்துட்டுப் போனேன். குடுத்தேன். பாப்பா வாங்கி மேசை மேல வெச்சுது. பத்து நாள் இருந்தேன், அது வெச்ச இடத்தை விட்டு நகரலை. கிளம்பற அன்னிக்கு, "நீங்களே வெச்சுக்கோங்க அப்பா. எனக்கு இப்போ அதுல அவ்வளவா இல்லைங்க"ன்னுச்சு. கோபமாச் சொல்லியிருந்தா சமாதானம் பண்ணலாம். நிஜமாவே இல்லைங்கற மாதிரி சொல்லுச்சு. திரும்பி வர்றப்போ ட்ரெயின்ல அதை மேல் பெர்த்துல வெச்சுட்டு ராத்திரி பூரா கீழே முழிச்சுக்கிட்டிருந்தேன். நான் வாசிக்கக் கத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லவே இல்லை. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?

மதிப்பெண் நல்லா வந்துச்சு. கோயம்புத்தூர்ல காலேஜ். போன்ல பேசும், சாப்பிட்டீங்களாப்பா, மழையாப்பா, சரி வெக்கறேங்கப்பா. அவ்வளவுதான்.

2024 டிசம்பர்ல தங்கமணியும் பாப்பாவும் ஷில்லாங் வந்தாங்க. கௌஹாத்தி வரைக்கும் ப்ளைட், அங்கிருந்து நூறு கிலோமீட்டர் மலைப்பாதை. உமியம் ஏரி வந்ததும் தங்கமணி வாந்தியை மறந்துட்டு வேடிக்கை பாத்தாங்க. வார்ட்ஸ் லேக், போலீஸ் பஜார், சிரபுஞ்சின்னு நாலு நாள் சுத்தினோம். அஞ்சாம் நாள் மழை. கரன்ட் இல்லை. தங்கமணி கம்பளிக்குள்ள சுருண்டு கிடந்தாங்க. நான் அந்த நேரத்துக்கு எப்பவும் செய்யறதை, கை தானாச் செஞ்சுது. பையை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டேன். சி, ஈ மைனர், எஃப், ஜி சிக்ஸ். அதுக்கப்புறம்தான் ரூம்ல ஆள் இருக்குன்னே உறைச்சுது.

பாப்பா மெழுகுவர்த்தி வெளிச்சத்துல என் கையையே பாத்துட்டிருந்துச்சு.

"அப்பா, ஈ மைனர் அப்படி வெக்க மாட்டாங்க."

"எனக்கு இப்படித்தான் வரும் சாமி."

"குடுங்க." வாங்கி, பழைய மாதிரியே 0432 ஒரு தடவை, என்னோட 0402 ஒரு தடவை அடிச்சுது. திரும்பவும் ரெண்டையும் அடிச்சுது. "இது கொஞ்சம் வெறுமையா இருக்குதுங்க. ஆனா தப்பில்லை." சுருதி இறங்கியிருக்குன்னு ஏ கம்பியைத் திருகிச்சு. ட்யூனரைத் தேடலை, காதுலயே சேத்துச்சு. நாலு கம்பியையும் சும்மா ஒரு வருடு வருடிட்டு, "சி-யை சட்ஜமமா வெச்சா இது ப, ச, க, த. ரிஷபம் மட்டும் இருந்தா மோகனம் முழுசா வந்துரும், பாத்திருக்கீங்களா?"ன்னுச்சு. நான் எங்கே பாத்தேன். சி கம்பில ரெண்டாவது ஃப்ரெட்டை அழுத்தி ரிஷபத்தையும் கொண்டாந்து காட்டுச்சு. கம்பளிக்குள்ள இருந்து தங்கமணி, "இன்னொருக்கா வாசி கண்ணு"ன்னாங்க. வாசிச்சுது. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் கரன்ட் வந்துருச்சு, பாப்பா எழுந்து போன் சார்ஜ் போடப் போயிருச்சு.

மன்னிப்பு கேக்கணும்னு கௌஹாத்தி போற வழி பூரா நினைச்சேன். டிரைவர் இருந்தார், தங்கமணி இருந்தாங்க, கொண்டை ஊசி வளைவு இருந்துச்சு. ஏர்போர்ட் வாசல்ல, "அன்னிக்கு நான் அதை எடுத்துட்டு வந்திருக்கக் கூடாது கண்ணு"ன்னு மட்டும் சொன்னேன். "ம்"னுச்சு. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "விரல் குளிருக்கு வலிக்குதுங்களா அப்பா?"ன்னுச்சு. வலிக்கும்தான். இல்லைன்னேன்.

உகுலேலேவை எடுத்துட்டுப் போகச் சொல்லிப் பாத்தேன், கேக்கலை. அது இன்னும் எங்கிட்டதான் இருக்கு.

ஜனவரில ஒரு நாள், பகல் பன்னெண்டு மணி, கவுன்ட்டர்ல பென்ஷன் கூட்டம். போன்ல பாப்பாகிட்ட இருந்து ஒரு மெசேஜ். வெறும் நாலு நம்பர்: 2003. பேங்க்காரன் புத்தி, பொண்ணு போனை எவனோ ஹேக் பண்ணி ஓ.டி.பி. அனுப்பறான்னு பதறிப் போய் போன் பண்ணினேன். எடுக்கலை, கிளாஸ்ல இருந்திருக்கும். பா எட்டிப் பாத்துட்டு, "சார், நாலு கம்பி"ன்னார்.

ராத்திரி வீட்டுக்குப் போய் ஷூவைக் கூடக் கழட்டாம வெச்சுப் பாத்தேன். ஏ, சி, ஈ, சி. ஏ மைனர். அதான் 2000 இருக்கே, அது ஒரே விரல்ல முடியுமே, இது எதுக்குன்னு முதல்ல விளங்கலை. சி-ல இருந்து போய்ப் பாத்தேன். சி 0003. நான் அதை சுண்டுவிரல்லதான் பிடிப்பேன். அந்தச் சுண்டுவிரலை எடுக்கவே வேண்டாம், அப்படியே இருக்கட்டும், நடு விரலை மேலே ஜி கம்பில கொண்டு போய் வெச்சா 2003. மோதிர விரல் பாட்டுக்குச் சும்மா நீட்டிக்கிட்டு நிக்கலாம்.

"வந்துருச்சு"ன்னு பதில் போட்டேன். "அடுத்தது ஞாயித்துக்கிழமைங்கப்பா"ன்னு வந்துச்சு.